ரீலோட் செய்தேன், ரீஸ்டார்ட் செய்யவில்லை

நின்றிருக்க வேண்டிய ஒன்று நிற்காமல் ஓடிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். பார்த்த பிறகும் ஏன் ஒரு வரி மெயில் போடவில்லை?

மூன்று வாரமாக இந்தக் கேள்வியோடுதான் மகளுக்குச் சோறு ஊட்டுகிறேன். கம்பெனி எழுதிய விசாரணை அறிக்கை ஒன்று லேப்டாப்பில் திறந்தபடி இருக்கிறது. கீழே 'ஏற்கிறேன்' என்று ஒரு பட்டன். திங்கட்கிழமைக்குள் அழுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அழுத்தினால் வேலை இருக்கும். அழுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் இதைப் படித்துவிட்டு வரட்டும் என்றுதான் எழுதுகிறேன். எனக்கும் ஒரு உதவி தேவைப்படுகிறது.

1. லீவு முடிந்து வந்த நாள்

கம்பெனி சென்னையில். நான் காரைக்கால் பக்கம் கோட்டுச்சேரியில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். ரத்தப் பரிசோதனை லேப்களிலிருந்து ரிசல்ட்டை டாக்டரின் போனுக்குக் கொண்டுபோகும் மென்பொருள் எங்களுடையது. வழியில் யாரும் படிக்க முடியாதபடி அதைப் பூட்டி அனுப்ப ஒரு நிரல் தொகுப்பு, அதாவது லைப்ரரி, இருக்கிறது. அதை எழுதியவர்கள் வேறு யாரோ. எங்கள் சர்வரில் அதன் ஆப்ஷன்களைச் சரியாக வைப்பது என் வேலை. எந்தப் பதிப்பில் பேசலாம், எதில் பேசக்கூடாது, எதிர்முனையின் சான்றிதழைச் சோதிக்க வேண்டுமா என்பதெல்லாம் அதில் வரும்.

மகப்பேறு விடுப்பும் அதோடு சேர்த்து எடுத்த சம்பளமில்லா லீவும் முடிந்து திரும்பிய அன்றே டீம் லீட் சுதாகர் சார் ஒரு வேலை கொடுத்தார். இப்படிப் பூட்டி அனுப்பும் முறையின் பதிப்புகளில் டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும் பழையவை, பாதுகாப்பில்லாதவை, மூடிவிட வேண்டும் என்று ஆடிட்டில் எழுதியிருந்தார்கள்.

"ஒரு வரி வேலைதாம்மா. இப்பதான் வந்திருக்கீங்க. லேசா ஆரம்பிங்க."

ஒரு வரிதான். கீழ்வரம்பு 1.2 என்று வைத்தால் முடிந்தது. ஆனால் எனக்கு எதையும் ஒரு தடவை பார்த்தால் போதாது. கேஸை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பி வருகிறவள் நான். முதலில் ஒரு லாக் எழுதினேன். எந்த லேப் இணைந்தாலும், இணையும் அந்த நொடியில், எந்தப் பதிப்பில் இணைகிறது என்று அது குறித்துக்கொள்ளும். அதை ஏற்ற அன்றிரவு சர்வரை ஒரு தடவை ரீஸ்டார்ட் செய்தோம், எல்லா லேப்களும் புதிதாக இணைந்தன. ஒரு வாரம் ஓடவிட்டதில் பழைய பதிப்பில் பேசுகிற லேப்கள் ஐந்து கிடைத்தன. ஐந்துக்கும் போன் போட்டேன்.

"லேப்டாப்புக்கும் பால் குடுத்துடு. அதுவும் காலையிலேருந்து மடியிலதான் கெடக்குது" என்றார் மாமியார், பசியில் அழுத குழந்தையை என் கையில் கொடுத்தபடி. சிரித்தேன்.

2. அணைக்கக்கூடாத கம்ப்யூட்டர்

நான்கு லேப்கள் ஒரு வாரத்தில் மாற்றிக்கொண்டன. மிச்சமிருந்த ஒன்று எங்கள் காரைக்காலிலேயே, பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில். நடத்துகிறவர் ரஹ்மத் அக்கா. பஸ் ஏறி நேரிலேயே போனேன்.

ரத்தம் பார்க்கும் மெஷினோடு ஒரு பழைய கம்ப்யூட்டர் இணைக்கப்பட்டிருந்தது. அதன் நெற்றியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: 'யாரும் ஆஃப் பண்ணக்கூடாது.'

"என்னக்கா இது?"

"அத ஆஃப் பண்ணுனா மெஷினோட மறுபடி பேச வைக்க அரை மணி நேரம் ஆவும் தங்கச்சி. ரெண்டு வருசமா அணைச்சதே இல்ல. எம் மாப்புள்ளகூட ராத்திரி தூங்குவாரு, இது தூங்காது."

"இதுல இருக்குற சாஃப்ட்வேர மாத்தணுங்கக்கா. பழசு."

"மெஷின்காரன்தான் மாத்தணும். இந்தா வர்றேன், அந்தா வர்றேங்குறான். ஒரு பத்து நாள் குடு. புள்ளய யாருட்ட உட்டுட்டு வந்தே? டீ குடிச்சிட்டுப் போ."

அந்தத் தாளைப் பார்த்து நான் சிரித்துக்கொண்டே டீ குடித்தேன். பத்து நாள் வேண்டும் என்று சுதாகர் சாரிடம் சொன்னேன். சரி என்றார்.

3. பளிச்சென்று இருந்த லாக்

பத்து நாள் முடிந்த வெள்ளிக்கிழமை சுதாகர் சார் கூப்பிட்டார்.

"இன்னைக்கு மூடிடுங்க."

"காரைக்கால் லேப்ல மாத்திட்டாங்களான்னு கேட்டுட்டு..."

"பத்து நாள் கேட்டாங்க, குடுத்தாச்சு. மாத்திருப்பாங்க. போடுங்கம்மா."

அக்காவுக்கு ஒரு தடவை போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடிக்கவில்லை.

எங்கள் டீமில் ஒரு வழக்கம் உண்டு. பகலில் சர்வரை ரீஸ்டார்ட் செய்ய மாட்டோம். செய்தால் எல்லா லேப்களின் இணைப்பும் ஒரு நிமிடம் அறுந்து, சுதாகர் சாரின் போன் ஓயாமல் அடிக்கும். அதனால் ரீலோட் மட்டும் செய்வோம். ஓடுகிற சர்வர் ஓடிக்கொண்டே புதிய ஆப்ஷன்களைப் படித்துக்கொள்ளும். அன்றும் ரீலோட்தான் செய்தேன்.

என் லேப்டாப்பிலிருந்து பழைய பதிப்பில் இணைந்து பார்த்தேன். மறுத்தது. மூன்று தடவை பார்த்தேன், மூன்று தடவையும் மறுத்தது. அரை நாள் லாக்கில் பழைய பதிப்பு ஒரு வரிகூட இல்லை. அந்த வேலைக்கான பதிவில், டிக்கெட்டில், 'முடிந்தது' என்று எழுதினேன்.

நான்கு மணிக்கு வேறு எதற்கோ ரிசல்ட் பட்டியலைத் திறந்தபோது காரைக்கால் லேப்பிலிருந்து சர்க்கரை அளவு ஒன்று வந்து விழுந்தது. பின்னாலேயே இன்னொன்று. அந்த லேப் மாறியிருந்தால், புதிதாக இணைந்ததற்கு லாக்கில் ஒரு வரி இருக்க வேண்டும். இல்லை. மாறவில்லை என்றால் ரிசல்ட் வரக்கூடாது. வருகிறது. சுதாகர் சாருக்குப் போன் செய்தேன்.

"சார், காரைக்கால் லேப் ரிசல்ட் இன்னும் வருது. எப்படின்னு புரியல."

"வருதா?"

"வருது சார்."

"வரலைன்னா கூப்பிடுங்க. வந்தா எதுக்கும்மா கூப்பிடுறீங்க?"

எனக்கே வெட்கமாகிவிட்டது. சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், ஒவ்வொரு நாளும் பட்டியலைத் திறந்து பார்த்தேன். வந்துகொண்டே இருந்தது. மாற்றியிருப்பார்கள், லாக்கில்தான் ஏதோ விட்டுப்போயிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

உண்மை இதுதான். ஆப்ஷனை மாற்றினால், மாற்றிய பிறகு புதிதாக வரும் இணைப்புகளுக்குத்தான் அது பொருந்தும். முன்பே இணைந்து நிற்கிற இணைப்பு, தான் இணைந்தபோது இருந்த விதிப்படியே அறுகிற வரைக்கும் ஓடும். லைப்ரரியின் கையேட்டிலேயே இது இருக்கிறது. நான் படித்திருக்கிறேன். அறுந்தால்தானே மறுபடி இணைய வேண்டும்? யாரும் ஆஃப் பண்ணக்கூடாது என்று தாள் ஒட்டிய கம்ப்யூட்டரின் இணைப்பு எப்போது அறும்? அந்தத் தாளை நேரில் பார்த்தவள் எங்கள் கம்பெனியில் நான் ஒருத்திதான்.

4. புதன்கிழமை

பராமரிப்புக்காகக் காரைக்காலில் காலையிலேயே கரண்ட் நிறுத்தினார்கள். அக்காவின் யுபிஎஸ் கொஞ்ச நேரம் தாங்கிவிட்டு ஓய்ந்தது. ஜெனரேட்டர் பிடித்துக் கம்ப்யூட்டரை மறுபடி எழுப்பினார்கள். மதியம் இரண்டு மணிக்கு எனக்குப் போன்.

"தங்கச்சி, பத்து மணிக்கு அனுப்புன ரிசல்ட் டாக்டருக்குப் போவலையாம். திருவேட்டக்குடி புள்ள, பொறந்து மூணு நாளுதான் ஆவுது. அதோட ஆத்தா இங்க வந்து நிக்கிது."

பின்னால் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது. "கண்ணெல்லாம் மஞ்சளா இருக்குங்க. டாக்டரு ரிசல்ட்டப் பாத்துட்டுதான் சொல்லுவேங்குறாரு. ஒரு தடவ அனுப்பிவுடுங்கக்கா, உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

"அக்கா, மெஷின்காரர் வந்து மாத்துனாரா?"

"எங்கேருந்து வந்தான்? இன்னும் வந்துகிட்டுதான் இருக்கான்."

லாக்கைத் திறக்கவே இல்லை. அதற்கு முன்பே எனக்குப் புரிந்துவிட்டது: கரண்ட் போய் இணைப்பு அறுந்திருக்கிறது, மறுபடி இணைய வந்த பழைய பதிப்பை சர்வர் மறுத்திருக்கிறது.

"அக்கா, பேப்பரப் பாத்து டாக்டருக்குப் போன்லயே படிங்க. இப்பவே. என்னோட பேச வேணாம், வைங்க."

அன்று சாயங்காலமே குழந்தையை ஆஸ்பத்திரியில் நீல விளக்குக்கு அடியில் வைத்தார்கள். நான்கு மணி நேரம் தாமதம். நாலாம் நாள் அக்கா கூப்பிட்டார்.

"மஞ்சள் எறங்கிடுச்சு. அல்லா காப்பாத்துனான். நீ எதுக்குப் புள்ள அழுவுறே? ஒனக்கு யாரு அது?"

வெள்ளிக்கிழமையே எனக்குச் சந்தேகம் வந்ததை அவரிடம் மறைத்தேன்.

5. போனில் சொன்னது

அந்தப் புதன்கிழமையே சுதாகர் சார் கூப்பிட்டிருந்தார்.

"அந்த லேப்புக்கு மட்டும் பழையத திறந்து விட்டுடுங்க. டிக்கெட் எல்லாம் வேணாம். ஆடிட்காரங்க பாத்தா வம்பு."

"ஒரு மெயில் போட்டுடுங்க சார், செஞ்சுடுறேன்."

அதற்கு அவர், "லீவுல லா படிச்சீங்களா என்ன?"

மெயில் வரவில்லை. நானும் திறக்கவில்லை. இரண்டு நாள் அக்கா ஒவ்வொரு ரிசல்ட்டையும் டாக்டர்களுக்குப் போனில் படித்தார். மூன்றாம் நாள் மெஷின்காரர் வந்து மாற்றிக் கொடுத்தார். என் வேலைவாழ்க்கையில் எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டது அந்த ஒரு தடவைதான். வெள்ளிக்கிழமை கேட்க வேண்டியதைப் புதன்கிழமை கேட்டேன்.

அறிக்கையை எழுதியவர் சுதாகர் சார். அதில் அவர் பெயர் இல்லை. காரணம் என்ற இடத்தில் இப்படி இருக்கிறது: 'விடுப்பிலிருந்து அண்மையில் திரும்பிய பணியாளர், பழைய இணைப்பு தொடர்ந்ததைக் கவனிக்கவில்லை.'

குழந்தை பெற்றவள், தூக்கம் கெட்டவள், கவனிக்கவில்லை. படிக்கிற யாரும் நம்புவார்கள். ஆனால் நான் கவனித்தேன். நான்கு மணிக்கே கவனித்தேன், சொன்னேன். சொன்னதற்கு ஆதாரமாக என் போனில் இருப்பது இரண்டு நிமிடம் பேசியதாக ஒரு வரி மட்டும். என்ன பேசினோம் என்று அதில் இல்லை.

'ஏற்கிறேன்' என்று அழுத்தினால், செய்யாத தப்பை ஏற்கிறேன், செய்த தப்பை மறைக்கிறேன். மறுத்து எழுதினால், கவனித்தேன், ஒருவரிடம் சொன்னேன், அதன்பின் ஐந்து நாள் சும்மா இருந்தேன் என்று எழுத வேண்டும். அறிக்கையின் பிரதி எல்லா லேப்களுக்கும் போகும். ரஹ்மத் அக்கா படிப்பார். தெரியாமல் நடந்துவிட்டது என்றுதான் இன்று வரை அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார்.

புதிதாக வருகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். ஆப்ஷனை மாற்றினால் பழைய இணைப்புகளை அறுத்துவிட்டுச் சோதியுங்கள். நின்றிருக்க வேண்டியது ஓடினால், ஓடுகிறதே என்று சந்தோஷப்படாதீர்கள். போனில் கேட்டதை அன்றைக்கே இரண்டு வரி மெயிலாக நீங்களே எழுதி அனுப்பிவிடுங்கள்.

என் மகளுக்கு வருகிற வாரம் முதல் பிறந்தநாள். கவுன் என்ன அளவு என்று கேட்கத் திங்கட்கிழமை காலையில் கூப்பிடுவதாக அக்கா சொல்லியிருக்கிறார். அந்தப் போனை எடுப்பதற்குள் நான் எந்தப் பக்கம் என்று முடிவு செய்தாக வேண்டும். இதே மாதிரி ஒரு காகிதத்தின் முன்னால் உட்கார்ந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நீங்கள் என்ன செய்தீர்கள், அதன்பிறகு தூக்கம் வந்ததா என்று எனக்கு எழுதுங்கள்.