சோளக்கொல்லைப் பரணும் பாலன் படுக்கையும்

மார்கழிப் பனியில் ஊறிய தகர டின் கணீரென்று பேசாது. கட்டையால் தட்டினால் சளி பிடித்த கிழவர் இருமுவது மாதிரி 'டொத்து, டொத்து' என்றுதான் முனகும், அந்த முனகலுக்கு மேலே 'ஏ... ஓ...' என்று ஒரு சின்னப் பிள்ளையின் குரல் இழுத்துக்கொண்டு வரும். விடியுமுன்பே அது தொடங்கிவிடும். போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அதைக் கேட்டபடியே நாங்கள் இன்னொரு தூக்கம் போடுவோம். கிறிஸ்துமஸ் பக்கத்தில் வந்துவிட்டது என்று எங்களுக்குச் சொன்னது அந்த டின்தான்.

பிள்ளைகளே, நான் எட்டாங் கிளாசோடு நின்றவன், அழகாக எழுதத் தெரியாது, ஆனால் இந்த டின்னைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் வரும் எரிச்சலை யாரிடமாவது கொட்ட வேண்டும். புதுக்கோட்டை அப்போது சமஸ்தானம். அன்னவாசலுக்குத் தெற்கே, வேதக்காரர்கள் கொஞ்சம் பேர் குடியிருந்த எங்கள் ஊரில் மண்சுவரும் ஓட்டுக்கூரையுமாக ஒரு மாதா கோவிலும், அதை ஒட்டி 'கோவில் கொல்லை' என்ற சோளக்கொல்லையும் உண்டு. கொல்லையில் விளைகிற சோளத்தில்தான் விளக்கெண்ணெய், மெழுகுதிரி, எப்போதாவது வந்து பூசை வைக்கும் சாமியாருக்குச் சாப்பாடு எல்லாம் நடந்தாக வேண்டும். யுத்தம் நடந்த வருசங்கள் அவை, தானியம் என்றால் ஊரே கண்கொத்திப் பாம்பாக இருக்கும், கதிர் பால் பிடித்ததும் கிளியும் குருவியும் கூட்டமாக வந்து இறங்கும்.

சாமியார் இல்லாத நாளில் கோவிலைப் பார்த்துக்கொண்டவர் உபதேசியார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரத்தை 'ஆகமன காலம்' என்போம், பாலன் பிறக்க மனதைத் தயார் பண்ணும் காலம். அதற்காக அவர் கோவில் வாசலில் ஒரு கட்டு வைக்கோலும், பலிபீடத்துப் பக்கத்தில் ஒரு காலி மரத்தொட்டியும் வைப்பார். எந்தப் பிள்ளை ஒரு நல்ல காரியம் செய்கிறதோ, அது ஒரு வைக்கோல் தாளை உருவிக்கொண்டுபோய்த் தொட்டியில் போடலாம். சேர்ந்த வைக்கோலில்தான் கிறிஸ்துமஸ் அன்று பாலன் சுரூபத்தைப் படுக்க வைப்பார்கள். "நீங்க நல்ல பிள்ளைங்களா இருந்தா ஆண்டவர் மெத்தையில படுப்பாரு, இல்லேன்னா வெறுங்கட்டைதான், பாத்துக்கங்க" என்பார். அந்த வைக்கோலுக்கு நாங்கள் வைத்த பேர் 'புண்ணியத் தாள்'.

அந்த டின்னைத் தட்டியவள் சவரி. அப்பனையும் ஆத்தாளையும் ஒரே வாரத்தில் வாந்திபேதிக்குப் பறிகொடுத்தவள். உபதேசியார் அவளை எடுத்துவந்து கோவில் சாய்ப்பில், ஏணியும் எண்ணெய்க் குடமும் கிடந்த மூலையில் தங்கவைத்து, 'கோவில் பிள்ளை' என்று பேரும் வைத்தார். ஊருக்கு அதில் ஒரே பெருமை. "நாம ஒரு அநாதைப் பிள்ளைய வளக்குறோம்" என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லாத ஆள் கிடையாது. வளர்த்த லட்சணம் இதுதான்: இருட்டோடு எழுப்பி, தலையில் ஒரு கோணிச் சாக்கைக் கவிழ்த்து, கையில் டின்னையும் கட்டையையும் கொடுத்து, கொல்லை நடுவில் இருந்த பரணில் ஏற்றிவிடுவார்கள். பொழுது சாய்ந்துதான் இறங்குவாள். எங்களுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது, அவளுக்குப் பரண் இருந்தது.

நல்ல காரியத்துக்கு எங்கே போவது? வீட்டில் தம்பியை அடிக்காமல் இருக்கலாம்தான், ஆனால் அது கஷ்டம். ஏழைக்குக் கொடுப்பதுதான் சுலபம், ஏழையோ பரண் மேலேயே இருக்கிறாள். அவித்த பனங்கிழங்கு, அவல், பொரி விளங்காய் உருண்டை என்று ஆளுக்கொன்றைத் தூக்கிக்கொண்டு பரணடியில் கூடுவோம். உபதேசியார் விவரமான மனுசர், "குடுத்தியா, சரி, அவ தின்னாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் தாளை உருவ விடுவார். அதனால் அவள் தின்னும் வரை எங்களுக்கும் அங்கே வேலை.

"தின்னுடி சவரி, நீ தின்னாத்தான் எனக்குத் தாளு!"

அவள் மேலே இருந்து எட்டிப் பார்ப்பாள். "இன்னிக்கு நாலு பேரு மோச்சத்துக்குப் போயிட்டீங்க, போதும். மிச்ச ஆளு நாளைக்கு வாங்க. எனக்கு வயிறு ஒண்ணுதான் இருக்கு."

"அடியே, நாளைக்கு ஊசிப்போயிரும்டி!"

"ஊசிப்போனதையும் தின்னேன்னு வை, ரெண்டு தாளாக் கேட்டு வாங்கிக்க" என்பாள். வாய்க்காரி. சொல்லிவிட்டு இருமுவாள்.

தொட்டியில் வைக்கோல் ஏறிக்கொண்டே போயிற்று. பெரியவர்கள் அதைப் பார்த்துப் பார்த்துப் பூரித்தார்கள், "பிள்ளைங்களுக்கு எம்புட்டு இரக்கம்!" என்றார்கள். அந்தப் பிள்ளை ஏன் பனியில் உட்கார்ந்திருக்கிறாள், அவள் வயிற்றுக்கு நாங்கள் கொண்டுபோகும் பனங்கிழங்கு ஏன் தேவைப்படுகிறது என்று ஒரு வாய், ஒரே ஒரு வாய், கேட்கவில்லை. சொன்னால் நம்புவீர்களா?

ஒருநாள் காலை எங்கள் ஆத்தா, அதாவது என்னைப் பெற்றவள், அடுப்பு ஊதிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து, "ஏன்டா, டின்னு சத்தம் மட்டும் கேக்குது, பிள்ளை சத்தத்தைக் காணோமே?" என்றாள். ஊதுகுழலைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு நடந்தாள், நான் பின்னாலேயே ஓடினேன். பரணில் சவரி நனைந்த சாக்குக்குள் வெடவெடத்துக்கொண்டு, கை மட்டும் டின்னைத் தட்ட, கிளியைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடினாள், சத்தமே வரவில்லை. ஆத்தா மேலே ஏறி அவள் நெற்றியைத் தொட்டுவிட்டுக் கையை வெடுக்கென்று எடுத்தாள். "இன்னும் ரெண்டு நாள் இங்கிட்டு இருந்தா இந்தப் பிள்ளை செத்துப்போகும்" என்றாள்.

அவளைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே உபதேசியார் வாசலுக்குப் போனாள். அவர் பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா சூசையம்மா, பிள்ளைய எறக்கிட்டியா? அங்கிட்டுக் கிளி வந்து எறங்குமே!"

"பிள்ளைக்குக் காச்சலு, ஒபதேசியாரையா. தொண்டை அடைச்சுப்போச்சு."

"கசாயம் போட்டுக் குடு, நாளைக்குச் சரியாயிரும். ஞாயித்துக்கிழமை சாமி வாராரு. பால்கதிரைப் பூராக் கிளி குடிச்சிட்டுப் போச்சுன்னா நான் என்ன பதில் சொல்றது?" என்றவர், கொஞ்சம் நிதானித்து, பிரசங்கம் பண்ணும் குரலில் சொன்னார்: "அதோட இதையும் யோசிம்மா. நம்ம பிள்ளைங்க தருமம் பண்ணிப் பழக ஒரு ஏழைப் பிள்ளை கண்ணு முன்னால இருக்கு. அதையும் நீ கூட்டிட்டுப் போயிட்டா அதுங்க யாருக்குக் குடுக்கும்?"

"அப்ப ஒங்க மகளை ஏத்திவிடுங்க. எல்லாரும் அதுக்குக் குடுக்கட்டும்."

"என்னம்மா பேசுற! அது படிக்கிற பிள்ளை."

ஆத்தா விறுவிறுவென்று திரும்பி நடந்தாள். சவரியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, உலர்ந்த சேலையைச் சுற்றி அடுப்போரம் படுக்க வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை. சாமியார் ஊதாப் பட்டு உடுத்திப் பூசை வைத்தார். லத்தீன் மந்திரமெல்லாம் முடிந்து தமிழில் பிரசங்கம் தொடங்கி, பாலன் பிறக்க ஊரில் இடம் கிடைக்காததை உருக்கமாகச் சொல்லிக்கொண்டு போனார், பெண்டுகள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள், உபதேசியாரும் மூக்கை உறிஞ்சினார். அந்த நேரம் பார்த்துக் கொல்லையில் டின் முழங்கிற்று. பூசை நேரத்தில் தட்டக் கூடாது என்று சவரிக்குக் கட்டளை உண்டு; இது வேறு கை. இடியே இறங்கின மாதிரி ஓர் அடி, கூடவே ஊர் எல்லை வரை கேட்கும் 'ஏ... ஓ...' என்ற கூப்பாடு. சாமியார் நிறுத்தினார். டின்னும் நின்றது. அவர் மறுபடி தொடங்க, அதுவும் தொடங்கிற்று.

உபதேசியார் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார், நாங்களும் ஓடினோம். பரண் மேலே ஆத்தா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"சூசையம்மா! பூசை நடக்குதும்மா!"

"கிளிக்குத் தெரியுமா பூசைன்னு? கோவில் சோளம் போகுதுங்களே, ஒபதேசியாரையா!"

"எறங்கு, பாவம்!"

"பாவம்னு இப்பத்தான் தெரியுதாக்கும்?"

பின்னாலேயே சாமியார் உடுப்போடு வந்துவிட்டார். யார் இந்த அம்மா, ஏன் பரணில், தினமும் இருப்பது யார் என்று கேட்டார். அதுவரை பேசிக்கொண்டிருந்த ஊர் சோளத்தட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றது. ஆத்தாதான் பரணில் இருந்தபடியே சொன்னாள். சாமியார் முகம் கறுத்தது. இனிமேல் வீட்டுக்கு ஒருவர் முறைவைத்துக் காவல் பார்க்க வேண்டும் என்று அங்கேயே சொல்லிவிட்டுப் போனார்.

இத்தோடு முடிந்தது என்று நினைக்கிறீர்களா? மறுநாள் முறைக்காரர் தன் சின்ன மகனைப் பரணில் ஏற்றிவிட்டுச் சந்தைக்குப் போய்விட்டார். அதற்கடுத்த வீட்டுக்காரரும் அப்படியே. சாமியார் 'வீட்டுக்கு ஒருவர்' என்றாராம், பெரியவர் என்று சொல்லவில்லையாம்! ஆத்தா தலையில் அடித்துக்கொண்டு, அந்தந்தப் பையனை இறக்கி, காதைப் பிடித்துப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு, டின்னைக் கொண்டுபோய் அவனவன் அப்பன் வீட்டு வாசலில் நின்று தட்டினாள். அதற்கப்புறம்தான் மீசை வைத்த ஆட்கள் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு பரணில் ஏறினார்கள். ஒருநாள் உட்கார்ந்து இறங்கியவரெல்லாம், "யப்பா, என்ன குளிரு, மனுசன் உக்காருவானா இதுல!" என்று டீக்கடையில் அதிசயப்பட்டார்கள். அதைக் கேட்டு ஆத்தாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் வந்தது. தொட்டியில் வைக்கோல் அவ்வளவு உயரமாகக் குமிந்திருந்ததால் பாலன் சுரூபம் அதில் நிற்காமல் உருண்டு உருண்டு கீழே வந்தது. உபதேசியார் பாதியை அள்ளி வெளியே போட வேண்டியதாயிற்று. எங்கள் வீட்டு மண்தரை சில்லென்று இருக்கிறதே, அந்த வைக்கோலைச் சவரிக்குப் பரப்பிக்கொள்ளட்டுமா என்று ஆத்தா கேட்டாள். "ஆண்டவருக்குக் குடுத்ததாச்சேம்மா" என்று தயங்கினார். கடைசியில் அதை அவர் வீட்டு மாடு தின்றது.

சவரி பிழைத்துக்கொண்டாள், ஆனால் போன குரல் பழையபடி திரும்பவில்லை. எங்கள் வீட்டிலேயே வளர்ந்தாள், என் கூடப் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள், வாய் மட்டும் குறையவே இல்லை. நீங்கள் 'கரகர அத்தை' என்று கேலி பண்ணுகிறீர்களே, அவளேதான்.

இப்போது அந்தக் கொல்லையில் மோட்டார் பம்புசெட்டும் நெல்லும். பரண் போய்விட்டது, புண்ணியத் தாள் வழக்கமும் போய்விட்டது, குடிலில் வர்ண பல்பு எரிகிறது. போன ஆகமன காலத்தில் கோவிலுக்கு எதிரே உள்ள கடையில் ஒரு பொடியன் விறைத்த கையோடு கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தான். நம் ஆட்கள் அவனுக்கு ஒரு புதுச் சட்டை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவன் கழுவிய கிளாசிலேயே டீ குடித்தார்கள். சவரிதான் போய்க் கடைக்காரரிடம் சண்டை பிடித்தாள், அந்தக் கரகரத்த தொண்டையோடு.

கிறிஸ்துமஸ் பூசையில் பிள்ளைகள் பாட்டை எடுக்கும்போது நான் திரும்பி அவளைப் பார்ப்பேன். வாயை மட்டும் அசைப்பாள். அவளுடைய சொந்தக் குரல் எப்படி இருந்தது என்று எனக்கு நினைவில்லை. ஊர்ப் பெரியவர்கள் எத்தனையோ பேரிடம் கேட்டுப் பார்த்தேன். கிளியை ஓட்டியது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கிறது. குரலை ஒருவரும் காது கொடுத்துக் கேட்டிருக்கவில்லை.