ஏரி என்று எழுதிவிட்டேன்

அடுத்தவர் பேச்சைக் கேட்டு எழுதுகிற வேலையில் இருப்பவர்களே, உங்களுக்குத் தெரியாததா: பேசியவர் மறந்துவிடுவார், எழுதியவள்தான் மாட்டிக்கொள்வாள்.

ஆனேக்கல் பக்கத்தில் ஏரியை ஒட்டிய ஓர் ஊரில், வயசுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் போனிலேயே செய்திப் படம் எடுக்கிறார்கள். அங்கே பாதி ஜனம் தமிழ். பார்க்க வேண்டிய ஆபீசர்கள் கன்னடம். படத்துக்கு அடியில் கன்னட எழுத்துப் போடுவது என் வேலை. நான் சிட்டிக்குள்ளே ரிச்சர்ட்ஸ் டவுன்காரி. படிப்பு எட்டாவதோடு சரி, ஆனால் பள்ளியில் கற்ற கன்னட எழுத்து மறக்கவில்லை. என் பிள்ளைகள் கல்யாணமாகிப் போய்விட்டார்கள். வாரம் இரண்டு நாள் சிவாஜிநகரில் பஸ் ஏறி, நடுவில் ஒரு பஸ் மாறிப் போவேன். ஹெட்போனை மாட்டுமுன் சின்னதாக ஒரு ஜெபம்.

பனி பெய்த ஊர்

முதல் நாள் ரத்னாதான் என்னை ஏரிக்குக் கூட்டிப் போனாள். இருபது வயது, படம் பிடிப்பவள் அவள்தான். மேட்டில் இருக்கிற சாயப் பட்டறையின் கழிவு நேராக அங்கே வந்து விழுகிறது. தண்ணீர் மேல் ஆள் உயரத்துக்கு நுரை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். போனில் பார்த்தால் அந்த நுரை அழகாக இருந்தது. முன்பு அவள் அனுப்பிய படத்தைப் பார்த்து, காலேஜ் சிநேகிதி ஒருத்தி "உங்க ஊர்ல பனி பெய்யுதாடி?" என்று கேட்டாளாம்.

ரத்னா சொன்னாள்: "நாத்தத்தை மட்டும் இந்த போன் எடுக்க மாட்டேங்குது ஆன்ட்டி. அதை நீங்கதான் எழுதணும்."

லட்சுமியின் வீடு

ரத்னாவின் அம்மா முனியம்மாவிடம் இரண்டு மாடுகள் இருந்தன. ஏரித் தண்ணீர் குடித்து ஒன்று வயிறு ஊதிச் செத்தது. மிச்சம் லட்சுமி. அதன் பாலில்தான் குடும்பமே ஓடியது. அதை ஏரிப் பக்கம் விடாமல் கட்டிப்போட்டு, டேங்கர் வரும்போது குடத்தில் பிடித்து வைத்துக் குடிக்கக் கொடுப்பாள். "ஏரி கெட்டுப்போச்சு. ஏரியச் சரி பண்ணிக் குடுங்க, இருக்கிற ஒண்ணாவது பொழைக்கட்டும்" என்று போனைப் பார்த்துச் சொன்னாள்.

ஏரி என்பதற்கு நானும் ஏரி என்றே கன்னடத்தில் எழுதினேன். கன்னடக்காரர்கள் "ஏரி மேலே போனேன்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நீர், மீன் போல இதுவும் இரண்டு மொழிக்கும் பொது என்று நினைத்துக்கொண்டேன். எழுதி முடித்ததும் முனியம்மாவிடம் பெயரைச் சரிபார்க்கக் கேட்டேன்.

"எம் பேரு தப்பா இருந்தாக்கூடப் பரவால்ல, ஏரியை மட்டும் சரியா எழுதிடும்மா."

சாட்சி

படம் எங்கெங்கோ சுற்றியது. ஒரு மாதத்துக்குள் டிராக்டரில் கல் வந்து இறங்கியது என்று ரத்னா போன் பண்ணினாள். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் எழுந்து சாட்சி சொன்னேன். எல்லோரும் ஸ்தோத்திரம் பண்ணினார்கள்.

மறுநாள் போய்ப் பார்த்தால், கரையை உயர்த்திப் புதுக் கல் பதித்திருந்தார்கள். நுரை அப்படியே இருந்தது. வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆபீசரிடம் கேட்டேன். நல்ல மனுஷர், கோபப்படவில்லை. போனை எடுத்து என் எழுத்தையே காட்டினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கன்னடத்தில் ஏரிக்கு கெரே என்று பெயர். ஏரி என்றால் அவர்களுக்குக் கரை. கரை கெட்டுப்போச்சு என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

"ஏரி ஹாளாகிதேன்னு நீங்களே எழுதியிருக்கீரல்லம்மா, அதைத்தானே சரி மாடித்வி?"

கெட்டிக் கரை

கெரே என்று திருத்தி மறுபடி அனுப்பினோம். அந்த இடத்தில் வேலை முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அதைவிட மோசம் ஒன்று. பழைய கரையில் ஓர் உடைசல் இருந்ததாம். மழை பெய்தால் அழுக்கெல்லாம் கொஞ்சமாவது அதன் வழியாக வெளியேறுமாம். இப்போது அதுவும் அடைபட்டு, தண்ணீர் முனியம்மாவின் மாட்டுக் கொட்டகை வரை ஏறி நின்றது. ஒருநாள் டேங்கர் வரவில்லை. தாகம் தாங்காமல் லட்சுமி கயிற்றை அறுத்துக்கொண்டு போய்க் குடித்துவிட்டது.

நான் போனபோது கொட்டகையில் அறுந்த கயிறு மட்டும் கிடந்தது. முனியம்மா பால் இல்லாத டீ போட்டுக் கொடுத்தாள். டம்ளரை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். கையை அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை.

"கரையை நல்லாத்தாம்மா கட்டியிருக்காங்க. கெட்ட தண்ணி ஒரு சொட்டு வெளிய போவல."

திருத்தம்

ரத்னா இன்னொரு படம் எடுத்தாள். இந்த முறை நானே போன் முன்னால் உட்கார்ந்து, நான் செய்த தப்பைக் கன்னடத்தில் சொல்ல வேண்டும் என்றாள். பிறர் பேச்சுக்கு அடியில் எழுதியே பழகியவள் நான். தலையில் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு ஆரம்பித்தேன். லட்சுமி பேர் வந்ததும் அழுதுவிட்டேன். மூன்று தடவை நிறுத்தினாள் ரத்னா. அவள் கண்ணும் சிவந்துதான் இருந்தது.

"அழுதுகிட்டே சொல்லாதீங்க ஆன்ட்டி, கெரேன்றது தெளிவா கேக்கணும்."

கர்த்தருக்கு எல்லா மொழியும் தெரியும் என்பது எனக்கும் தெரியும், இருந்தாலும் அந்த ஊருக்காக முழங்கால் போடும்போது இப்போதெல்லாம் ஏரி என்று சொல்லாமல் கெரே என்றே கேட்கிறேன்.