காளைக்கு ஆறிய புண்

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரை மருத்துவமனை ஒன்றின் கிருமிச் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தேன். சீழ் வரும், கிருமியை வளர்ப்பேன், எந்த மருந்துக்குச் சாகிறது என்று சீட்டு எழுதுவேன். என் சீட்டு பொய்த்ததில்லை, அவனியாபுரத்து லேத் பட்டறைக்காரர் வரும்வரை.

அவருடைய கால் முறிவுக்கு எஃகுத் தகடு வைத்திருந்தார்கள். எலும்பு கூடிவிட்டது. புண் மட்டும் மூடி மூடித் திறந்தது. சோதனைத் தட்டில் மருந்து வில்லையைச் சுற்றிக் கிருமி செத்துத் தெளிவான வட்டம் விழுந்தது; அதே மருந்தைத் தின்றும் அவர் காலில் சீழ் நிற்கவில்லை. இப்படியே போனால் காலை எடுக்க வேண்டிவரும் என்று சர்ஜன் சொல்லியிருந்தார்.

மறுபடி சீழ் எடுக்க வந்தபோது அவர் மனைவியிடம் கேட்டேன்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்காத் தின்னாராக்கா?"

"முந்தியெல்லாம் தின்னாரு. இந்தத் தடவை பாதியை உடைச்சு எங்கண்ணன் காளைக்குத் தூவிட்டாரு. தோள்ல கிழிச்சுக்கிட்டு நின்னுச்சு."

"வாயில்லாத சீவன்," என்றார் பட்டறைக்காரர்.

"அது ஆறி, சல்லிக்கட்டுல பாஞ்சுட்டும் வந்துருச்சு. வாயுள்ள சீவன்தான் இங்க உக்காந்துருக்கு."

பாதியில் நிறுத்தினால் மிஞ்சும் கிருமி மருந்துக்குப் பழகிவிடும் என்று கண்டித்தேன். ஆனாலும் மனம் வழக்கம்போல் வரிசை போட்டது. மருந்து ஒன்று. அவருக்கும் புண், காளைக்கும் புண். காளையிடம் இல்லாதது தகடு.

சர்ஜனிடம் சொன்னேன். காளை என்றதும் சிரித்தவர், தகடு என்றதும் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். "எலும்புதான் கூடிருச்சே. கழட்டிருவோம்."

கழற்றிய தகடு என்னிடம் வந்தது. கையுறைக்குள்ளும் வழுக்கல் தெரிந்தது. வண்டியூர்த் தெப்பக்குளத்தில் தண்ணீருக்கு அடியில் கிடக்கும் படியைப் போல. கழுவினால் போகவில்லை, சுரண்டத்தான் வேண்டியிருந்தது. அதை வளர்த்தேன்: அதே கிருமி, அதே தெளிந்த வட்டம். தட்டில் தனியாக இருந்தபோது செத்த கிருமி, எஃகில் ஒட்டி அந்தக் கொழகொழப்புக்குள் கூட்டமாகக் குடியிருந்தபோது மருந்துக்கு அசையவில்லை. என் சீட்டு பொய்யில்லை, பாதிதான் சொல்லியிருந்தது.

தகடு போனபின் கொடுத்ததும் அதே மருந்துதான். புண் மூடியது, மூடியே இருந்தது. அவர் ஊன்றுகோல் இல்லாமல் வாசலில் வந்து நின்றார்.

"அந்தத் தகடு இருக்கா டாக்டரம்மா? நல்ல எஃகு. பட்டறையில எதுக்காச்சும் ஆகும்."

"நான் டாக்டர் இல்லண்ணே. அது உள்ள இருந்து படுத்துனது போதாதா?"

மனைவி இடையில் புகுந்தார். "காளை மறுபடி கிழிச்சுக்கிட்டு வந்துருக்கு. இந்தத் தடவை மாத்திரை எங்கிட்ட இருந்துச்சு. அதுக்கு ஒண்ணுகூடப் போகல."

"அப்ப காளைக்கு?" என்று கேட்டேன்.

"மாட்டாஸ்பத்திரி எதுக்கு இருக்கு? இவரையே நடத்திக் கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டேன். கால்தான் சரியாயிருச்சுல்ல."