ஜப்பான் மாப்பிள்ளை

மடத்தனம் செய்யாத மனிதர் இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் படத்தைக் காட்டி, "இவர்தான் எங்கட சாச்சிட மாப்பிள்ள" என்று பெண் பார்க்க வந்தவரிடமே அறிவித்தவன் மருதமுனையில் நான் ஒருவன்தான். அப்போது எனக்கு ஏழு வயது என்று சொல்லித் தப்பிக்கப் பார்க்கலாம். என் வகுப்பில் இருந்த மற்றவர்களுக்கும் அதே வயதுதான். அவர்களுக்கு மூளை இருந்தது.

சாச்சி, அதாவது உம்மாவின் தங்கை, பெண்கள் பாடசாலையில் ஆசிரியை. அங்கே நாடகம் என்றால் மேடையிலும் பெண்கள், பார்க்க இருப்பதும் பெண்கள். ராசா, மந்திரி, கள்ளன் எல்லாம் யாராவது ஒரு பெண்தான் ஆக வேண்டும். படிக்கிற காலத்திலிருந்தே அந்த வேலை சாச்சிக்குத்தான். படிப்பிக்கப் போன பிறகும் ஆசிரியர் தின நாடகத்தில் தாடி சாச்சிக்கே.

"கலியாணம் முடிஞ்சா வேஷத்தையெல்லாம் விட்டுரணும். வாற மாமி விரும்ப மாட்டா" என்று உம்மா சொல்லும்போதெல்லாம் சாச்சி எழும்பிப் போய்விடுவார்.

சாச்சியின் அலுமாரிக் கதவின் உட்புறத்தில் ஒரு படம் இருந்தது. வெள்ளைக் கோட்டு, சரித்துப் போட்ட தொப்பி, பார்த்தாலே பயப்பட வைக்கும் அழகு. கல்முனையில் தையல் பழக்க வந்திருந்த ஜப்பான் பெண் ஒருவர் ஊர் திரும்பும்போது கொடுத்தது. கூடவே கொஞ்சம் டிவிடிகளும். "யார் சாச்சி இது?" என்று கேட்டேன். "என்ட ஆள்" என்றார். எனக்கு அது போதும். ஊரில் ஓடுகிற வாகனமெல்லாம் ஜப்பான். ஆளும் ஜப்பான், ஆகவே வாகனத்தோடுதான் வருவார், முன்சீட் எனக்கு.

ஒரு நாள் பின்னேரம் சாச்சியைப் பெண் பார்க்க, சாய்ந்தமருதிலிருந்து மாப்பிள்ளையின் உம்மா வந்தார். வட்டிலப்பம் சாப்பிட்டபடி என்னைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

"சாச்சி கலியாணம் முடிச்சா உங்களுக்குக் கவலையா மனே?"

"இல்ல. ஜப்பான் மாப்பிள்ள வாகனம் கொண்டு வருவாரு."

கரண்டி பாதியில் நின்றது. சந்தேகம் எதற்கு என்று, ஓடிப்போய் அலுமாரியைத் திறந்தே காட்டிவிட்டேன். உம்மா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"யாருகா இவரு?" என்று வந்தவர் சாச்சியிடம் கேட்டார்.

"இவரு இல்ல மாமி. இவ."

யாரும் நம்பவில்லை. சாச்சி டிவிடியைப் போட்டார்.

பெண்கள் மட்டுமே ஆடிப் பாடி நடிக்கிற கூட்டமாம் அது. ஆம்பிளை வேஷத்துக்கென்று எடுக்கப்பட்டவர் அங்கே இருக்கும்வரை ஆம்பிளைதான். முதல் டிவிடியில் அலுமாரிப் படத்துப் பெண் கடைசி வரிசை ஓரத்தில், தொப்பி கண்ணை மறைக்க நின்றார். அடுத்ததில் இரண்டு வசனம் கிடைத்தது. போகப்போக நடு மேடை அவருடையது: தளபதி, சூதாடி, இளவரசன். குரலும் இறங்கிக்கொண்டே வந்தது.

"ஒரு கதிரையில ஆம்பிள மாதிரிக் காலை அகட்டிக் குந்துறதுக்கே வருசக்கணக்காப் பழகணும் மாமி" என்றார் சாச்சி.

மஃரிப் பாங்கு கேட்டது. வந்தவர் தொழுதுவிட்டு வந்து, "விட்ட இடத்திலிருந்து போடுங்க" என்றார். கடைசி டிவிடியில் அந்தப் பெண் கை நிறையப் பூவோடு மேடையை விட்டுப் போனார். அரங்குக்கு வெளியே தெரு முழுக்கப் பெண்கள் நின்று அழுதார்கள்.

"ஏன் விட்டுட்டுப் போறா? கலியாணமா?"

"அது தெரியாது மாமி. ஆனா கலியாணம் முடிச்சா அந்த மேடையில நடிக்கேலா. அங்க அப்படிச் சட்டம்."

சாச்சி திரையைப் பார்த்தபடியே சொன்னார்.

வந்தவர் முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "எங்கட சாய்ந்தமருதுல அப்படிச் சட்டம் ஒண்டும் இல்லயே" என்றார். பிறகு, "ஆசிரியர் தினத்துக்கு முன் வரிசையில எனக்கொரு கதிரை பிடிச்சு வைங்க மகள்."

சாச்சி அவர் கையைப் பிடித்தவர் நெடுநேரம் விடவில்லை. ஒரு கதிரை கேட்டதற்கு இவ்வளவு சந்தோசமா என்று எனக்கு விளங்கவில்லை.

என் வாகனம் போனது போனதுதான். நட்டத்தை எப்படியாவது ஈடுகட்ட வேண்டுமே!

"அடுத்த நாடகத்துல நான் ராசாவா வாறன் சாச்சி. நான் ஆம்பிளதானே, பழகவும் தேவையில்ல" என்றேன்.

சாச்சி டிவிடியை உறைக்குள் போட்டபடி சொன்னார்:

"அதாலதான் உனக்கு வராது."