குரல் முன்னே, கை பின்னே

போகுமிலா டிராச்சிக்கை நான் முதன்முதலாகச் சந்தித்தது 2011 மார்ச் ஒன்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு, ராடோம்ஸ்கோ நகரில் எங்கள் மரச்சாமான் ஆலையின் வாயிலில். அவருடைய ஒரு கையில் ஒலிவாங்கிப் பெட்டி. மறு கையில் பாதி கடித்த ரொட்டி. பயிற்சிப் பிரிவில் எழுத்து வேலை பார்த்த என்னிடம் வணக்கம் சொல்வதற்கு முன்பே, "விரல் போனவரு எங்க? மொதல்ல அவரைப் பாக்கணும்" என்றார்.

முந்தின மாதம், லுட்விக் என்ற புதிய தொழிலாளியின் விரல் நுனிகளை வட்ட ரம்பம் பறித்திருந்தது. அதுவும் பயிற்சிப் படத்தைப் பார்த்துவிட்டு வேலைக்கு வந்த முதல் வாரத்தில். ஈஸ்டருக்குப் பிறகு இன்னும் பலர் சேரவிருந்தார்கள். அவர்களுடைய விரல்களுக்காகவே புதிய படம் எடுக்க வூச் நகரிலிருந்து போகுமிலாவை வரவழைத்திருந்தோம்.

பழைய படத்தைக் கேன்டீனில் ஓடவிட்டோம். அதில் குரல் கொடுத்தவர் பெயர்பெற்ற ஒரு லெக்டர். எங்கள் நாட்டுத் தொலைக்காட்சியில் வெளிநாட்டுப் படம் ஓடும்போது காதலனுக்கும் காதலிக்கும் குழந்தைக்கும் சேர்த்து, ஏற்ற இறக்கமின்றி, நடிகர் வாய் திறந்த ஒரு கணம் கழித்து வாசிக்கிறவரைத்தான் லெக்டர் என்கிறோம். அதைக் கேட்டே வளர்ந்த எங்களுக்கு இந்தப் படத்திலும் அந்த ஒரு கணம் தெரியவில்லை.

போகுமிலாவுக்குத் தெரிந்தது.

"லுட்விக், படத்துல என்ன பாத்தீங்க?"

"கை ரம்பத்து மூடியைத் தெறந்துச்சு மேடம்."

"சுவிட்சை அணைக்கச் சொன்னாரே?"

"அது தெறந்த பொறகுதானே சொன்னாரு? அதான் மூடி மொதல்ல, சுவிட்ச் அப்புறம்னு நெனச்சேன்."

போகுமிலா தம் படத்தை வேறுவிதமாகத் திட்டமிட்டார். முதலில் குரல், அதுவரை திரையில் கை அசையாது. "அணையுங்கள்" என்ற பிறகே விரல் சுவிட்சை நோக்கி நகரும். அதன்பின் ரம்பம் சுழன்று சுழன்று ஓயும்வரை பேச்சே கிடையாது. ஓய்ந்த பிறகுதான், "இப்போது திறக்கலாம்." குரலும் அவருடையதே, சற்றுக் கரகரப்பானது.

உற்பத்தி இயக்குநர் ரட்வான் அதைக் கேன்டீனில் பார்த்துவிட்டு மேசையைத் தட்டினார்.

"என்னம்மா இது, பாதிப் படம் ஊமையா இருக்கு? ஆளுங்க தூங்கிடுவாங்க. அந்த எடத்த வெட்டுங்க, இல்லன்னா பாட்டாவது போடுங்க."

"ரம்பம் நிக்கிற வரைக்கும் நான் வாயத் தெறக்க மாட்டேன் சார். பாட்டும் கெடையாது."

"குரல் எப்பவும் பின்னாலதான் வரும். நாடே அப்படித்தான் கேக்குது."

"சினிமாவுல காதலன் செத்த பொறகு 'சாகப்போறேன்'னு வாசிச்சா யாருக்கும் நஷ்டமில்ல. கை போன பொறகு 'கை பத்திரம்'னு வாசிக்க ஒரு ஆளு எதுக்கு?"

பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த சமையற்காரி மால்வினா பலமாகச் சிரித்துவிட்டார். ரட்வானின் காது சிவந்தது.

"வெட்டுறீங்களா, பெட்டியக் கட்டுறீங்களா?"

"பெட்டி கட்டித்தான் இருக்கு. போனா படமும் என்னோடதான் வரும்." போகுமிலா நாற்காலியை விட்டு எழவில்லை. "இல்லன்னா ஒண்ணு பண்ணுங்க. ரம்பத்துல பல்லில்லாத வட்டத்த மாட்டுங்க. ரம்பமே தொடாத ரெண்டு பேருக்கு ஆளுக்கொரு படம் காட்டுங்க. பாத்துடலாம்."

"சரி. நீங்க ஜெயிச்சா, நான் சொன்னது தப்புன்னு ஒலிபெருக்கியில ஆலைக்கே சொல்றேன். தோத்தா லெக்டர்தான்!"

கணக்குப் பிரிவுத் தெக்லா பழைய படத்தைப் பார்த்தார். இயந்திரத்தின் முன் நின்றதும், வட்டம் சுழன்றுகொண்டிருக்கும்போதே அவருடைய கை நேராக மூடிக்குப் போனது. லுட்விக் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதிய படத்தைப் பார்த்தவர் மால்வினா. சுவிட்சை அணைத்தார். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நின்றார். வட்டம் மெதுவாகச் சுழன்றுகொண்டேயிருந்தது.

"தெறங்கம்மா! என்ன வேடிக்கை?" என்று ரட்வான் கத்தினார்.

"அது இன்னும் நிக்கல சார். என் காதுல அந்தம்மா இன்னும் பேசலியே."

வட்டம் நின்றது. மால்வினா திறந்தார்.

ஈஸ்டருக்குப் பிறகு வந்தவர்களுக்கு அந்தப் படத்தையே காட்டினோம். மௌனம் ஒரு நொடியும் குறையவில்லை. ஒலிபெருக்கியில் உணவு இடைவேளை அறிவிப்பு வந்தது, காணாமற்போன சைக்கிள் பற்றி வந்தது. ரட்வானின் குரல் மட்டும் வரவில்லை.

அடுத்தடுத்த படங்களுக்குப் போகுமிலா வந்தபோதெல்லாம் ரட்வானே வாயிலுக்கு வந்து ஒலிவாங்கிப் பெட்டியைச் சுமந்தார். எந்த இடத்தையும் வெட்டச் சொல்லவில்லை. ஒருநாள் நான் பொறுக்காமல் போகுமிலாவிடம் கேட்டேன்: "வாக்குக் குடுத்தாரே, நீங்க ஏன் கேக்கல?"

"கேட்டா சொல்லிடுவாரு. சொல்லிட்டா கணக்குத் தீந்துடும். மறுநாளே பாட்டுப் போடச் சொல்லுவாரு. கெடக்கட்டும் விடுங்க."

கடைசிப் படத்தை முடித்துக்கொண்டு புறப்பட்ட அன்று, ஒலிபெருக்கி அறையின் வாசலில் ஒலிவாங்கிப் பெட்டியோடு ரட்வான் நின்றிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். போகுமிலா பெட்டிக்காகக் கையை நீட்டினார்.

"வர்றேன் சார்" என்றார். அவ்வளவுதான்.