பனிக்கட்டியாறும் அம்மாவின் திவசமும்

முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடத்தில் பனிக்கட்டியாறு படிப்பித்தவள் நான். யூ வடிவப் பள்ளத்தாக்கைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு கீறுவேன். பனிக்கட்டி மலையை அரைத்துக்கொண்டு எப்படி இறங்குகிறது, பின்வாங்கும்போது எதையெதை விட்டுப் போகிறது என்றெல்லாம், ஏதோ அதன் பக்கத்து வீட்டில் குடியிருந்தவள் மாதிரி விளக்குவேன். உண்மையில் நான் கண்ட ஆகப் பெரிய பனிக்கட்டி, பேலியகொடை மீன் சந்தையில் பாரை மீன்களுக்கு மேல் கொட்டிக் கிடந்ததுதான். டீச்சர் நேரில் பார்த்தீர்களா என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை.

அதனால்தான் ஓய்வு பெற்ற பிறகு, இரண்டாம் தடவை விண்ணப்பித்ததில் கனடா விசா கிடைத்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. டொரொன்டோவில் என் ஒரே தங்கை இருக்கிறாள். கனடா போகிற எங்கள் ஆட்களுக்கு வழமையாக ஒரே பயணத் திட்டம்தான்: ஒரு நாள் நயாகரா, மிச்ச நாளெல்லாம் சொந்தக்காரர் வீடுகள். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு இன்னொரு வீட்டை விட்டுவிட்டு வந்தால் அந்தக் கோபம் பிள்ளைகளின் கல்யாணம் வரைக்கும் இழுபடும். நான் தெளிவாகச் சொல்லிவிட்டேன். மூன்று கிழமை வீடு வீடாகச் சாப்பிடத் தயார். ஆனால் ஒரு கிழமை, முழுசாக ஏழு நாள், மேற்கே இருக்கிற மலைப் பூங்காக்களுக்கு. தங்கையும் நானும் மட்டும்.

தங்கை வராவிட்டால் மலையும் இல்லை. அங்கே கார் இல்லாமல் அசைய முடியாது, கார் ஓடத் தெரிந்தவள் அவள்தான். ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சொன்னால் பொய். அவள் போன பிறகு இரண்டு தரம் கொழும்புக்கு வந்தாள். இரண்டு தரமும் கோயில், புடவைக் கடை, வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி என்று நாட்கள் ஓடிவிட்டன. எனக்கு என் தங்கை ஏழு நாள் வேண்டும். பங்கு கேட்க ஆள் இல்லாத இடத்தில் வேண்டும்.

எங்கள் வெள்ளவத்தை வீட்டுச் சாப்பாட்டு மேசை இரண்டு மாதம் மலைநாடாகக் கிடந்தது. பெரிய டிமைத் தாளில் வரைபடம் கீறி, ஏழு நாளுக்கும் ஏழு நிறம் கொடுத்தேன். முதல் நாள் கல்கரியில் இறங்கிக் கார் எடுப்பது. அடுத்த இரண்டு நாளும் பான்ஃப் பூங்காவின் ஏரிகள். பனிக்கட்டி அரைத்த கல்மாவு கலந்து அந்தத் தண்ணீர் பச்சை நீலமாக இருக்கும். நான்காம் நாள் மலைப்பாதையால் ஜாஸ்பர் போய், குசினியோடு கூடிய ஒரு மர வீட்டில் தங்குவது. ஐந்தாம் நாள் பனிக்கட்டியாறு. ஆள் உயரச் சில்லு பூட்டிய பஸ் ஒன்று பனிக்கு மேலேயே ஏற்றிப் போய் இறக்கிவிடுமாம். மிச்ச இரண்டு நாளும், மனமில்லாமல் திரும்பி வருவதற்கு. அவ்வளவு சந்தோசமாக நான் எந்தப் பாடத்திட்டத்தையும் எழுதியதில்லை.

என் கணவர் வரமாட்டேன் என்று முதல் நாளே கையைக் கழுவிவிட்டார். நுவரெலியாவுக்கே காது மூடுகிற தொப்பியோடு போகிற மனுசன். மேசையில் சாப்பிட இடமில்லாமல் சாப்பாட்டுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு சொன்னார், "எனக்கு ஐஸ் பாக்கோணும் எண்டால் பிரிட்ஜைத் திறப்பன். நீர் போயிட்டு வாரும்."

டிக்கெட் அலுவல் பார்த்தவர் கொட்டாஞ்சேனையில் அலுவலகம் வைத்திருக்கும் என் பழைய மாணவர். அவருக்கே இப்போது தலை நரைத்துவிட்டது. "டீச்சர், எங்கட ஆக்கள் நயாகராவோட நிப்பாட்டிப் போடுவினம். அதுக்கு அங்கால போனால் சோறு கிடையாது" என்றார். அவர் அடித்துத் தந்த திட்டத்தில் ஜாஸ்பரைக் கொண்டுபோய்ப் பக்கத்து மாகாணத்தில் வைத்திருந்தார். கைப்பையில் இருந்த சிவப்புப் பேனையை எடுத்துத் திருத்தினேன். அவர் தன்னை அறியாமல் எழும்பி நின்றார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "தங்கச்சியின்ர லைசென்ஸ் கொப்பியை இந்தக் கிழமைக்குள்ள எடுத்துத் தாங்கோ டீச்சர். காரையும் வீட்டையும் பிடிச்சுப் போடலாம்."

அந்தக் கொப்பிதான் வரவில்லை.

எனக்குக் காலை ஆறரை என்றால் தங்கைக்கு முதல் நாள் இரவு ஒன்பது. அந்த நேரத்தில்தான் வீடியோவில் கதைப்போம். முதல் நாள், வேலையில் லீவு தரமாட்டார்கள் என்றாள். மேலாளரிடம் கேட்டாயா என்றேன். கேட்கவில்லை. அடுத்த நாள், அவள் கணவரின் ஆட்கள் வீட்டில் ஒரு கல்யாணம் என்றாள். அது அதற்கு முதல் கிழமையே முடிகிறது என்று நானே நாளைச் சொன்னேன். வீட்டுவேலை செய்யாமல் வந்த பிள்ளைகளின் சாட்டுகளை முப்பத்திரண்டு வருடம் கேட்டவள் நான். உண்மையான காரணம் எப்போதும் மூன்றாவதாகத்தான் வரும்.

மூன்றாம் நாள் கேட்டாள், "அக்கா, நீ போட்ட அந்த அஞ்சாம் நாள் என்ன நாள் எண்டு பாத்தனியே?"

"என்ன நாள்?"

"அம்மாவின்ர திவசம்."

எழும்பிப் போய்ச் சுவர்க் கலண்டரைப் பார்த்தேன். ஆவணி மாதத்தில் சிவப்பு வட்டம். நானே போட்ட வட்டம். ஒவ்வொரு தை மாதமும் அதே வட்டம் போட்ட இன்னொரு கலண்டரைப் பயணம் போகிற யாரிடமாவது கொடுத்துத் தங்கைக்கு அனுப்புகிறவளும் நான்தான். ஏரியின் ஆழமெல்லாம் எழுதி வைத்த எனக்குப் பெற்ற தாயின் திதி கண்ணில் படவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. நாளை மாற்றவும் வழியில்லை; மற்றக் கிழமைகளில் மலை வீடுகள் எல்லாம் நிரம்பிவிட்டன என்று என் பழைய மாணவர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

அம்மா இந்த வெள்ளவத்தை வீட்டில்தான் கண்ணை மூடினார். அப்போது தங்கைக்குக் கனடாவில் பேப்பர் சரிவரவில்லை. வெளியே வந்தால் திரும்பிப் போக முடியாது. வராமல் அங்கேயே இருந்து அழுதாள். அதன் பிறகு ஒரு திவசத்தையும் அவள் விட்டதில்லை. விரதம் இருந்து, குளித்து, பாவக்காயோடு பதினொரு மரக்கறி சமைத்து, படத்துக்கு முன்னால் படைப்பாள்.

"மர வீட்டில குசினி இருக்குது. அங்க வைச்சுச் சமைப்பம்" என்றேன்.

"காகத்துக்கு?"

அங்கே பெரிய காகம் இருக்கிறது, எங்கள் காகத்தை விட இரண்டு மடங்கு என்று சந்தோசமாகச் சொல்லத் தொடங்கியவள் பாதியில் நிறுத்திவிட்டேன். பூங்காவின் விதிகளையும் நான்தானே வரி வரியாக வாசித்தவள். அங்கே பறவைக்கோ மிருகத்துக்கோ சாப்பாடு போட்டால் தண்டம் கட்ட வேண்டும்.

"அப்ப நீ வழமையா என்ன செய்யிறனி?" என்று கேட்டேன்.

"பால்கனியில வைப்பன். பதினாலாம் மாடி. ஒரு வருசமும் காகம் வரேல்லை அக்கா. சோறு காயும் வரைக்கும் பாத்துக்கொண்டு நிப்பன். பிறகு எடுத்து நானே சாப்பிடுவன். அம்மாவுக்கு இன்னும் கோபம் எண்டு நினைச்சுக்கொள்ளுறது."

இத்தனை வருடம் இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. நான் அழுதால் அவளும் அழுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு, கணவரின் கோப்பையில் இருந்து ஒரு இடியப்பத்தை எடுத்தேன். போனையும் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனேன். வெள்ளவத்தைக் காகங்களை நான் தும்புத்தடியால் துரத்தாத நாள் இல்லை. அன்றைக்கு இடியப்பத்தைச் சுவரில் வைத்துக் கையை எடுக்க முதலே ஒன்று வந்து குந்தியது. பிறகு இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை. சண்டை பிடித்து, இழுத்து, கத்தி, ஒரு வழி பண்ணிவிட்டன.

"பாத்தியே? அம்மாவுக்கு உன்னில ஒரு கோபமும் இல்லை. பதினாலாம் மாடிக்கு ஏற ஏலாமல் இஞ்சயே நிண்டிட்டா."

தங்கை சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், திரும்பவும் சிரித்தாள். "கிட்டக் காட்டு அக்கா, கிட்டக் காட்டு" என்றாள்.

அங்கே நின்றபடியே அவளுக்குக் கேட்கக் கணக்குப் போட்டேன். ஐந்தாம் நாள் வெள்ளவத்தையில் காலை ஏழு மணி என்றால், மலையில் இன்னும் நான்காம் நாள் பின்னேரம் ஏழரை. நாங்கள் மர வீட்டில் சமைத்துப் படைக்கிற அதே நேரம் இங்கே காகத்துக்கு வைக்கலாம். மத்தியானம் படைப்பதுதான் வழக்கம். ஐயர் கேட்டால் தலையில் அடித்துக்கொள்வார்.

"அம்மா செத்தது வெள்ளவத்தை நேரத்தில" என்றாள் தங்கை. "அந்த நேரமே போதும். ஆனால் ஆர் வைக்கிறது?"

வெறும் கோப்பையோடு வாசலில் நின்ற கணவர் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "நான் வைக்கிறன் பிள்ளை. ஆனால் எனக்குச் சோறு சமைக்கத் தெரியாது. கடை இடியப்பம்தான்."

"காணும் அத்தான். அம்மாவுக்கு அது விருப்பம்."

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள், "அக்கா, நாங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து செய்யிற முதல் திவசம், என்ன?"

அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை. அவள் அங்கே தனியாகப் பதினொரு கறி, நான் இங்கே தனியாகப் பதினொரு கறி. "ஓம்" என்றேன். போனைக் கணவரிடம் நீட்டினேன். அவர் வாங்கி ஏதோ கதைத்து வைத்தார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் லைசென்ஸின் முன்பக்கமும் பின்பக்கமும் படமாக வந்திருந்தன. கீழே ஒரு வரி:

"கார் நான் ஓடுறன். பாவக்காய் நீ வெட்டு."