அப்பா தூங்கும் அறையின் ஜன்னல்

எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று அம்மா சொல்வாள். அவள் சொல்வது தப்பு. மூக்கு வரைக்கும் போக அதற்குப் பொறுமை கிடையாது, நேராக வாய்க்கு வந்துவிடும். பதினோராம் வகுப்பில் ஓவிய மிஸ்ஸிடம் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதும் அப்படித்தான்.

எங்கள் பள்ளியில் ஐந்தாவது பாடமாகக் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்கலாம், அல்லது ஓவியம் எடுக்கலாம். பெயர்தான் ஓவியம்; வரைவது, வடிவமைப்பு, போட்டோ எடுப்பது மூன்றும் அதற்குள் வரும். வகுப்பு மொத்தமும் கம்ப்யூட்டர் லேபுக்குள் போய் அடைந்துகொண்டது. ஆறே ஆறு பேர் மாடிப்படிக்குக் கீழே இருந்த பழைய ஸ்டோர் ரூமுக்குப் போனோம். அங்கே உட்கார்ந்து பென்சில் சீவுவதே எனக்குச் சுகமாக இருந்தது. கணக்கு வகுப்பில் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் நான், அந்த அறையில் மணி அடித்தால் எரிச்சலானேன்.

அப்பாவுக்கு இது பிடிக்கவில்லை. அவர் நெய்வேலி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பக்கம் ஷிப்ட் வேலை பார்க்கிறார். பதினான்கு வருடம் கான்ட்ராக்டில் கிடந்து, அதற்கப்புறம் பர்மனென்ட் ஆனவர். படம் வரைந்து யார் பர்மனென்ட் ஆனார்கள் என்பது அவர் கேள்வி. நான் அழுது தீர்த்தேன். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தோம். முதல் பருவத்தில் ஓவியத்தில் நல்ல மதிப்பெண் வாங்கினால் தொடரலாம், இல்லாவிட்டால் கம்ப்யூட்டருக்கு மாறிவிட வேண்டும். பாடம் மாற்றும் படிவத்தை அவரே பள்ளி ஆபீசில் வாங்கி வந்தார். என் பெயர், வகுப்பு எல்லாம் எழுதி, கையெழுத்து மட்டும் போடாமல், பிரிட்ஜ் மேல் ஊறுகாய் பாட்டிலுக்கு அடியில் வைத்தார். ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் தண்ணீர் குடிக்க வேண்டியிருந்தது.

முதல் பருவத்தின் பெரிய வேலை, அவரவர் வீட்டை டேப் வைத்து அளந்து, மேலிருந்து பார்ப்பது போல அளவு பிசகாமல் வரைவது. நான் உயிரைக் கொடுத்து வரைந்தேன். கொதிக்கிற சாம்பாரை விட்டு அம்மாவை நகரச் சொல்லி மேடைக்கு அடியில் எல்லாம் அளந்தேன். நடுவில், கூடப் படிக்கும் பையன் ஒருவன் போன் செய்து, எங்கள் கிச்சன் எத்தனை அடி என்று கேட்டான். அவன் வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. ஊரிலிருந்து விருந்தாளிகள் வந்து கிச்சனை அடைத்துக்கொண்டு நிற்கிறார்களாம், அளக்க முடியவில்லையாம். அளவைச் சொன்னேன்.

அதில் எங்கள் இருவருக்குமே ஒரு தப்பும் தெரியவில்லை. மைன்ஸ் கம்பெனி கட்டிக்கொடுத்த எங்கள் டவுன்ஷிப்பில் ஒரே வகை குவார்ட்டர்ஸ் எல்லாம் அச்சில் வார்த்த மாதிரிதான் இருக்கும். யார் வீட்டுக்குப் போனாலும் பாத்ரூம் எங்கே என்று கேட்க வேண்டியதில்லை. சுவிட்ச் இருக்கும் இடத்துக்குக் கை தானாகப் போகும். அவன் தன் வீட்டுக் கிச்சனை என் வீட்டில் அளந்துகொண்டான், அவ்வளவுதான்.

ஓவிய மிஸ்ஸுக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்? அவர் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. வடலூரில் ரூம் எடுத்துத் தங்கி பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்தார். டவுன்ஷிப்பில் ஒரு வீட்டுக்குள்ளும் அவர் காலெடுத்து வைத்ததில்லை.

வெள்ளிக்கிழமை அவர் ஆறு படங்களையும் மேஜையில் பரப்பினார். ஐந்து படங்களில் அதே ஹால், அதே கிச்சன், கதவு திறக்கும் பக்கம்கூட அதே. ஆறாவது மட்டும் வேறு. அது காடாம்புலியூரிலிருந்து பஸ்ஸில் வரும் பெண்ணுடையது. சொந்த வீடு, பின்னால் மாட்டுக்கொட்டகை, பலாமரத்துக்குத் தனியாக ஒரு வட்டம். அவளுக்கு முழு மதிப்பெண். மற்ற ஐந்து பேரையும் எழுந்து நிற்கச் சொன்னார்.

“அஞ்சு பேரும் ஒரே வீட்டிலயா குடியிருக்கீங்க?” என்றார்.

“ஆமா மிஸ். நம்பர் மட்டும் வேற வேற,” என்றேன் நான்.

நான் சொன்னது உண்மைதான், சொன்ன விதம்தான் சரியில்லை. எல்லோரும் சிரித்துவிட்டார்கள். மிஸ் முகம் இறுகிப்போனது. கிச்சன் பையன் வேறு, காப்பி அடிக்கவில்லை மிஸ், இவளிடம் அளவு மட்டும்தான் கேட்டு வாங்கினேன் என்று சொல்லித் தொலைத்தான். எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியாயிற்று. ஐந்து பேருக்கும் பூஜ்யம்.

மணி அடித்ததும் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். பிரிட்ஜ் மேல் இருக்கும் படிவத்தைப் பற்றியும் சொன்னேன். மிஸ் கொஞ்சம் இறங்கி வந்தார். அது உங்கள் வீடுதான், பக்கத்து வீடு இல்லை என்று சொல்கிற மாதிரி ஆளுக்கு ஒரு போட்டோ எடுத்து வாருங்கள், திங்கள்கிழமை முதல் பீரியடில் பார்க்கிறேன் என்றார். சாமி படம், டிவி, சோபா எல்லாம் கூடாதாம். அதெல்லாம் யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கலாமாம். பள்ளிக்கூடத்துப் பழைய கேமராவை என் கையில் கொடுத்தார். படிவம் கொடுக்கக் கடைசி நாளும் அதே திங்கள்தான்.

சனிக்கிழமை ஐந்து பேரும் ஒவ்வொரு வீடாகச் சுற்றினோம். எதை எடுப்பது? அதே அலமாரி, அதே தரை, ஒரே வருடம் அடித்த ஒரே சுண்ணாம்பு. எனக்கு அந்த வீடுகளைக் கட்டிய இன்ஜினியர் மேலேயே கோபம் வந்தது. மூன்றாவது வீட்டில் கதவைத் திறந்த அத்தை, வாயில் விரலை வைத்து, உள்ளே நைட் ஷிப்ட் தூங்குகிறது என்று ஜாடை காட்டினார். ஐந்து பேரும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனை மாதிரி நின்றோம். அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

நைட் ஷிப்ட் வாரத்தில் எங்கள் வீடுகளில் காலை எட்டு மணிக்கு ராத்திரி தொடங்கும். காலிங் பெல் சுவிட்சை அணைத்துவிடுவார்கள். குக்கர் விசில் அடிக்கக் கூடாது. படுக்கை அறை ஜன்னலை எதையாவது வைத்து அடைப்பார்கள். வீட்டோடு ஜன்னலையும் ஒரே மாதிரி கொடுத்தார்கள், இருட்டை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. அதை அவரவர்தான் செய்துகொள்ள வேண்டும்.

தூங்குகிறவர்கள் எழுந்த நேரம் பார்த்து மறுபடி போனோம். ஒரு வீட்டில் மைதா பசை காய்ச்சிப் பேப்பர் மேல் பேப்பராக ஒட்டி, கண்ணாடி அட்டை கனத்துக்கு வந்திருந்தது. கிச்சன் பையன் வீட்டில் பழைய கம்பளியின் மேல் ஓரத்தில் அவன் அம்மாவின் பழைய வளையல்களைக் கோத்துக் கம்பியில் மாட்டியிருந்தார்கள். இழுத்தால் சத்தமே இல்லாமல் நகர்ந்தது. இன்னொரு வீட்டில் மகனின் முதல் பிறந்தநாள் பேனர். கடலூர்ப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் ஒன்று, மாதா கோயிலில் வருடா வருடம் கொடுத்த காலண்டர் அட்டைகளை நூலால் தைத்து, கதவு மாதிரி மடக்கி வைத்திருந்தது. ஒருவர் வீட்டு இருட்டு இன்னொருவர் வீட்டில் இல்லை. ஒரு பொருளைப் படம் எடுப்பதென்றால், அதைப் பயன்படுத்துகிறவரின் கண் இருக்கும் இடத்தில் கேமராவை வைக்க வேண்டும் என்று மிஸ் சொல்லியிருந்தார். அதனால் அடுத்தவர் வீட்டுக் கட்டிலில் வெட்கமில்லாமல் படுத்துப் படம் எடுத்தோம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்று மதியம் சாப்பிடக்கூட மறந்துபோனேன்.

பாக்கி எங்கள் வீடு. அந்த ஜன்னல் மேல் எனக்கு ஐந்து வருடப் பகை. நான் ஆறாவது படிக்கும்போது ஆயில் பேஸ்டலில் வரைந்து குவித்த சார்ட்டுகளை எல்லாம் எடுத்து, ஒரு நாள் அப்பா பிரவுன் டேப் போட்டு அந்த ஜன்னலில் ஒட்டிவிட்டார். படம் தெருவைப் பார்த்து, வெள்ளைப் பின்பக்கம் அறையைப் பார்த்து. என் படங்கள் அவருக்கு வெறும் காகிதம் என்று அன்று பெரிய ரகளை செய்தேன். அதற்குப் பிறகு அந்த ஜன்னலை நான் நிமிர்ந்து பார்த்ததில்லை. சாயங்காலம் டியூப் லைட் வெளிச்சத்தில் அது வெறும் வெள்ளையாகத்தான் இருக்கும். பகலில், அப்பா தூங்கும்போது, அந்த அறைக்குள் யாரும் போகக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு அந்தச் சட்டத்தை மீறினேன். அப்பா ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் தலையணை போட்டுப் படுத்து, கேமராவைக் கண்ணில் வைத்தேன்.

ஜன்னல் முழுக்க என் படங்கள் தெரிந்தன. பஜ்ஜி வைத்த காகிதத்தில் எண்ணெய் இறங்கின இடம் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியுமே, அப்படி. பேஸ்டலின் எண்ணெய் அத்தனை வருடத்தில் காகிதத்துக்குள் இறங்கியிருந்தது. வெள்ளைக் காகிதம் மங்கலாக நிற்க, வரைந்த இடம் மட்டும் வெயிலை உள்ளே விட்டது. மண் தோண்டும் பெரிய சக்கர இயந்திரம், அதற்கு மேல் ஒரு ஆரஞ்சு சூரியன், ஹெல்மெட்டுக்கு வெளியே இரண்டு பக்கமும் காது நீட்டிக்கொண்டிருக்கும் அப்பா. எல்லாம் இடம் வலம் மாறி, கலரோடு. கதவைச் சாத்தி, லைட்டை அணைத்து, பகலில் அங்கே படுப்பவருக்கு மட்டும்தான் அது தெரியும். பட்டனை அழுத்தினேன். கேமரா டக்கென்று சத்தம் போட்டுவிட்டது.

அப்பா கண்ணைத் திறந்தார். திட்டு விழும் என்று நினைத்தேன், விழவில்லை.

“வெளிச்சம் வருதேப்பா. இதுல எப்படித் தூங்குறீங்க?”

“வரட்டும். இருட்டு வேணும்னா எப்பவோ அட்டை வாங்கி அடிச்சிருக்க மாட்டனா? நைட்டெல்லாம் அந்த பெல்ட்டயே பாத்துகினு நிக்கிறன். வூட்டுக்கு வந்தா இதப் பாத்துகினே தூங்கிடுவன்.”

எனக்கு ஓவென்று அழ வேண்டும் போல இருந்தது. அழாமல், வழக்கம்போல வாயைக் கொடுத்தேன். அப்புறம் எதற்கு அந்தப் படிவம் என்று கேட்டேன். அது வேறு, இது வேறு என்றார். மேல் மூலையில் டேப் விட்டுப்போய் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கிறது, அதை மட்டும் சரி செய்ய வேண்டும் என்று முனகிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

திங்கள் காலை குளித்துவிட்டு வந்து பார்த்தால் பிரிட்ஜ் மேல் ஊறுகாய் பாட்டில் மட்டும் இருந்தது. படிவத்தை அப்பாதான் அறைக்குள் எடுத்துப் போனார் என்றாள் அம்மா. கதவு சாத்தியிருந்தது. ஷிப்ட் முடிந்து வந்தவரை எழுப்பக் கூடாது. கையெழுத்துப் போட்டுவிட்டார், ஆபீஸ் மூடுவதற்குள் அவரே கொண்டுவந்து கொடுக்கப்போகிறார் என்று நினைத்துக்கொண்டு, சாப்பிடாமல் பள்ளிக்குப் போனேன்.

மிஸ் கேமராவில் ஐந்து ஜன்னல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பூஜ்யம் போட்டது தன் தப்பு என்று எல்லோர் முன்னாலும் சொல்லி, ஐந்தையும் அடித்துவிட்டு மதிப்பெண் போட்டார். எனக்குக் காடாம்புலியூர்ப் பெண்ணுக்குச் சமமாக. கிச்சன் பையன் மட்டும் மறுபடி அளந்து வர வேண்டும் என்றார். இடைவேளையில் வீட்டுக்கு ஓடிப்போய் அளந்து வந்தான், இம்மி பிசகாமல் அதே அளவு. எல்லோரும் சிரித்தார்கள். என்னால் சிரிக்க முடியவில்லை. ஆபீஸ் வாசல் தெரிகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, ஆபீஸ் மூடும் இரண்டு மணி வரைக்கும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா வரவில்லை. வேறு யாரிடமாவது கொடுத்தனுப்பியிருப்பார் என்று அதற்கும் ஒரு பயம்.

பள்ளி விட்டதும் வீட்டுக்கு ஓடி வந்து அறைக் கதவை மெல்லத் திறந்தேன். அப்பா தூக்கத்தில் இருந்தார். ஜன்னலில் சக்கர இயந்திரம், சூரியன், காது நீண்ட அப்பா. மேல் மூலையில், வெயில் அடித்துக்கொண்டிருந்த இடத்தில், புதிதாக ஒரு காகிதம். வெளிச்சத்தில் அதன் எழுத்துகளும் இடம் வலம் மாறித் தெரிந்தன. அப்பா கையால் எழுதிய என் பெயர், என் வகுப்பு. கையெழுத்துப் போடும் இடம் காலியாக இருந்தது.

மார்க் என்ன என்று அவருக்கு இன்னும் தெரியாது, அவர் கேட்கவும் இல்லை. கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

“டேப்பு தீந்துபோச்சு. கடைக்குப் போனா ஒண்ணு வாங்கியா.”

கதவைச் சாத்திவிட்டு வந்து, அம்மாவிடம் சோறு போடச் சொன்னேன்.